தீனும் நாட்டுச் சட்டமும்: பேராக் மண்ணில் கடந்து வந்த பாதை

இறையருளால் நம் சங்கம் ஐம்பது ஆண்டுகளை நிறைவு செய்து பொன்விழாக் காண்கிறது. சங்கத்தைத் தொடங்கிய பெருமக்களைப் பற்றியும், மதரஸா வளர்ந்த விதத்தைப் பற்றியும் பெரியவர்கள் இம்மலரில் எழுதுகிறார்கள். இளையவர்களாகிய எங்களிடம் மலர்க் குழுவினர் கேட்டது வேறு. இந்த ஐம்பது ஆண்டுகளில் மார்க்கத்துக்கும் நாட்டின் பொதுச் சட்டத்துக்கும் இடையே எழுந்த இழுபறிகளை நம் பிள்ளைகளுக்குப் புரியும்படி எழுதிக் கொடுங்கள் என்றார்கள்.

நாங்கள் சட்டம் படித்தவர்கள் அல்லர். பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு, அத்தாமார்களின் கடையில் கல்லாவில் உட்கார்ந்த தலைமுறை. ஆனாலும் சுங்காய் போன்ற சிறு பட்டணத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்த விஷயம் பத்திரிகைச் செய்தியோடு நின்றுவிடுவதில்லை. காலையில் வரும் மலாய்க்கார ஹாஜியாரும், செம்பனைத் தோட்டத்திலிருந்து சாமான் வாங்க வரும் தமிழ் அக்காவும், எதிர்வரிசைச் சீனத் தவுக்கேயும் ஒரே செய்தியை மூன்று விதமாகப் பேசுவார்கள். கடைசியில் மூவரும் நம் முகத்தைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க பாய்?" என்பார்கள். மொழியால் ஒரு பக்கமும் மார்க்கத்தால் மறு பக்கமும் சொந்தம் உள்ளவர்கள் நாம். பதில் சொல்ல வேண்டிய கடமை மற்றவர்களைவிட நமக்குக் கூடுதல். அதற்கு முதலில் நடந்தது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும்.

பங்கோர் உடன்படிக்கை

கதை நம் பேராக்கிலேயே தொடங்குகிறது. 1874 ஜனவரி 20-ஆம் நாள் பங்கோரில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்படி பேராக் சுல்தான், பிரிட்டிஷ் ரெசிடெண்டின் ஆலோசனையைக் கேட்டு அப்படியே நடக்க வேண்டும். மலாய்க்காரர்களின் மதமும் வழக்காறும் மட்டும் அதற்கு விலக்கு. வரி, காவல், நிலம், ஈயச் சுரங்கம் எல்லாம் வெள்ளைக்காரர் கைக்குப் போயின. மார்க்கமும் வழக்காறும் சுல்தானிடம் எஞ்சின. மற்ற மாநிலங்களிலும் பின்னர் இதே ஏற்பாடு வந்தது.

ஆட்சியாளரின் மாண்பு முழுவதும் அந்த ஓர் இடத்தில் வந்து தங்கியதால், மார்க்கம் இந்த நாட்டில் மாநில நிர்வாகத்தின் ஓர் அங்கமாகவே வளர்ந்தது. சுல்தான் தம் மாநிலத்தில் இஸ்லாத்தின் தலைவர். சமய இலாகா, முஃப்தி, காதி, ஷரியா நீதிமன்றம் எல்லாம் மாநில அதிகாரத்தின் கீழ் வருபவை. "பேராக்கில் ஒரு சட்டம், பெர்லிஸில் வேறு சட்டமா?" என்று பிள்ளைகள் கேட்டால், விடையைப் பங்கோரில் தேட வேண்டும்.

ஆங்கிலேயர் காலத்து நீதிமன்றங்கள் இஸ்லாமியச் சட்டத்தை எங்கிருந்தோ வந்த சட்டமாக எண்ணி, அதை விளக்க நிபுணர்களைக் கூண்டில் ஏற்றிய காலமும் உண்டு. 1927-ல் ராமா எதிர் லாத்தோன் வழக்கில் மலாய் ஐக்கிய மாநிலங்களின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மறுத்தது. இஸ்லாமியச் சட்டம் இந்த மண்ணின் சட்டம், அதை நீதிபதிகளே அறிந்திருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

நம் முன்னோர்கள் இதற்கெல்லாம் முன்பே கடல் கடந்து வந்தவர்கள். நாகூர், நாகப்பட்டினம், ராமநாதபுரம், கடையநல்லூர், தென்காசி என்று பல ஊர்களிலிருந்து பினாங்கில் இறங்கி, ஈயமும் கித்தாவும் இழுத்த வழியே பேராக்கின் உட்பகுதிக்கு வந்தார்கள். பினாங்கில் 1801-ல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எழுந்தது. ஈப்போவில் வணிகர் ஷேக் ஆதம் 1908-ல் கட்டிய பள்ளிவாசல் இன்றும் நம் தமிழ் முஸ்லிம்களின் பெயர் சொல்லி நிற்கிறது. பினாங்கில் 1905-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பள்ளிவாசல் சொத்துகளையும் கோயில் சொத்துகளையும் ஒரே அரசாங்க வாரியம் மேற்பார்வையிட்டது. வக்ஃபுச் சொத்து வீணாகாமல் காக்க எந்தச் சமயத்தையும் சாராத ஒரு வாரியம் தேவைப்பட்டது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

பழமைக்கும் புதுமைக்குமான வாதமும் நமக்குப் புதிதன்று. 1906-ல் சிங்கப்பூரில் 'அல் இமாம்' என்ற மலாய் இதழ் வெளிவந்தது முதல், 'கௌம் மூடா', 'கௌம் துவா' என்று மலாய் முஸ்லிம்கள் இரு அணியாகப் பிரிந்து வாதிட்டார்கள். தமிழ் முஸ்லிம்களிடையே பா. தாவூத் ஷா அவர்களின் 'தாருல் இஸ்லாம்' இதழ் அதே அலையைக் கிளப்பியது. ஜும்ஆப் பிரசங்கம் தமிழில் இருக்கலாமா, பெண்பிள்ளைகளை எதுவரை படிக்க வைப்பது, தர்கா கந்தூரி கூடுமா கூடாதா என்ற வாதங்கள் நம் பள்ளிவாசல் திண்ணைகளில் நடந்தவைதாம். தாத்தா ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம் என்று ஒரே வீட்டில் இரு கட்சி இருந்தது. பெருநாளன்று எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள்.

மூன்றாம் பிரிவு எழுதப்பட்ட விதம்

1956-ல் மலாயாவின் அரசியலமைப்பை வரைய ஐவர் குழு அமைக்கப்பட்டது. பிரிட்டனின் ரீட் பிரபு தலைவர். சர் ஐவர் ஜென்னிங்ஸ், ஆஸ்திரேலியாவின் சர் வில்லியம் மெக்கெல், இந்தியாவின் நீதிபதி பி. மாலிக், பாகிஸ்தானின் நீதிபதி அப்துல் ஹமீது ஆகியோர் மற்ற நால்வர். துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையிலான கூட்டணி, இஸ்லாம் நாட்டின் மதமாக இருக்க வேண்டும், ஆனால் அதனால் பிற சமயத்தாரின் உரிமையோ அரசின் சமயச்சார்பற்ற தன்மையோ பாதிக்கப்படலாகாது என்று மனுக் கொடுத்தது. இதற்குத் தயக்கம் தெரிவித்தவர்கள் யார் தெரியுமா? மலாய் ஆட்சியாளர்களே. தத்தம் மாநிலத்தில் மார்க்கத் தலைவர்களாக இருக்கும் தங்கள் நிலைக்கு அது இடையூறாகலாம் என்று அவர்கள் கருதினார்கள்.

குழுவின் பெரும்பான்மையினர் அந்த விதியைச் சேர்க்காமல் விட்டார்கள். அப்துல் ஹமீது மட்டும் சேர்க்கலாம் என்று தனிக் குறிப்பு எழுதினார். அப்படி ஒரு விதியால் யாருக்கும் தீங்கில்லை என்பது அவர் வாதம். பிறகு நடந்த பேச்சுகளில் விதி சேர்க்கப்பட்டது. 1957-ல் வெளியான வெள்ளை அறிக்கை, இதனால் நாட்டின் சமயச்சார்பற்ற நிலை மாறாது என்று உறுதி சொன்னது. இப்படிப் பிறந்ததுதான் மூன்றாம் பிரிவு. இஸ்லாம் கூட்டரசின் மதம். மற்ற சமயங்களை அமைதியோடும் இணக்கத்தோடும் பின்பற்றலாம் என்பது அதன் சாரம்.

இதனுடன் வேறு இரண்டு பிரிவுகளையும் நம் பிள்ளைகள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 11-ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் தம் சமயத்தைப் பின்பற்றும் உரிமை தருகிறது. முஸ்லிம்களிடையே பிற சமயப் பிரச்சாரத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தையும் அதே பிரிவு மாநிலங்களுக்கு அளிக்கிறது. 12(4)-ஆம் பிரிவு, 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் சமயத்தைப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் தீர்மானிப்பார் என்கிறது. அந்தச் சொல் தாய், தந்தை இருவரையும் குறிக்குமா, ஒருவரையா என்று அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு கோர்ட்டில் வாதாட வேண்டி வரும் என்று எழுதியவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

சங்கத்தின் இளம்பருவத்தில்

நம் சங்கம் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் நாட்டில் இரண்டு மாற்றங்கள் ஒரே நேரத்தில் நடந்தன.

ஒன்று, 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம். 1982 மார்ச் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதுவரை தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டினால் வழக்காற்றுப்படி திருமணம். இரண்டாம் தாரத்துக்கும் தடையில்லை. ஊரில் ஒரு மனைவி, தோட்டத்தில் ஒரு மனைவி என்று இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். புதிய சட்டம் முஸ்லிம் அல்லாதவர்களுக்குப் பொதுவாகப் பதிவுத் திருமணத்தையும் ஒருதார மணத்தையும் கட்டாயமாக்கியது. முஸ்லிம்களுக்கு அச்சட்டம் பொருந்தாது. தம்பதியரில் ஒருவர் இஸ்லாத்தில் சேர்ந்தால், சேராதவர் மூன்று மாதத்துக்குப் பிறகு மணவிலக்குக் கோரலாம் என்று அதன் 51-ஆம் பிரிவு சொன்னது. சேர்ந்தவருக்கு அந்த வாசலில் வழியில்லை. பின்னாளில் பெரும் சிக்கல்கள் முளைத்தது இந்த இடைவெளியில்தான்.

இரண்டு, தக்வா எழுச்சி. 1971-ல் தொடங்கிய அபிம் இயக்கம், 1983-ல் வந்த இஸ்லாமிய வங்கி, அதே ஆண்டு தொடங்கிய பன்னாட்டு இஸ்லாமியப் பல்கலைக்கழகம் எல்லாம் அந்த அலையின் அடையாளங்கள். பள்ளிவாசல்களில் இளைஞர் கூட்டம் பெருகியது. பெண்கள் தூடோங் அணிவது பரவலானது. வட்டி, ஹலால், உடை பற்றிய அக்கறை கூடியது. நம் பிள்ளைகளுக்கு ஓதக் கிடைத்த வசதிகளும் முறையான மார்க்கக் கல்வியும் இந்த எழுச்சியால் வந்தவை. அந்த நன்மையை மறைத்து எழுதினால் வரலாறு கோணிப்போகும். நாகூர் கந்தூரிக்குச் சேர்ந்து போன பிற சமயத்து நண்பர்கள் மெல்ல மெல்லக் குறைந்ததும், அவர்கள் வீட்டுத் தீபாவளிப் பலகாரத்தை வாங்கலாமா என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கியதும் அதே காலத்தில்தான்.

1988-ஆம் ஆண்டு

அவ்வாண்டு இரண்டு நிகழ்வுகள். சே ஓமார் வழக்கில், ஷரியாவில் இல்லாத மரண தண்டனை மூன்றாம் பிரிவுக்கு மாறானது என்று வாதிட்டார்கள். அன்றைய உச்ச நீதிமன்றத்தின் தலைவர் துன் சாலே அபாஸ் அதை ஏற்கவில்லை. மூன்றாம் பிரிவு சொல்லும் இஸ்லாம் சடங்கு, வைபவங்களைச் சார்ந்தது. நாட்டின் பொதுச் சட்டம் சமயச்சார்பற்றதாகவே இருந்து வருகிறது என்றார். அவர் மார்க்கப் பற்றுக் குறைந்தவர் என்று அவரை அறிந்த யாரும் சொல்ல மாட்டார்கள். தம் சொந்த விருப்பத்தை ஒதுக்கிவிட்டு, எழுதப்பட்டிருக்கும் சட்டத்தைச் சொன்னார்.

அதே ஆண்டு ஜூன் மாதம் அரசியலமைப்பில் 121(1அ) என்ற துணைப்பிரிவு சேர்க்கப்பட்டது. ஷரியா நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயத்தில் சிவில் உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்பது அதன் சாரம். இதற்கு நியாயமான காரணம் இருந்தது. காதி முறைப்படி தீர்த்து வைத்த குடும்ப வழக்கை மறுபடி சிவில் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய் மாற்றும் நிலை இருந்ததால், ஷரியா நீதிமன்றம் இரண்டாந்தரமாகப் பார்க்கப்பட்டது. பேராசிரியர் அகமது இப்ராகிம் போன்ற அறிஞர்கள் அந்தக் குறையைப் போக்கப் பாடுபட்டார்கள். இருவரும் முஸ்லிம்களாக இருந்தால் இந்த ஏற்பாட்டில் சிக்கல் இல்லை. ஒருவர் முஸ்லிம், மற்றவர் இல்லை என்றால் எந்த வாசலுக்குப் போவது? அந்தக் கேள்விக்குத் துணைப்பிரிவில் விடை எழுதப்படவில்லை.

2005 டிசம்பரில், எவரெஸ்ட் பயணக் குழுவில் இருந்த இராணுவ வீரர் மூர்த்தி காலமானார். அவர் இஸ்லாத்தில் சேர்ந்திருந்தார் என்று சமய இலாகா சொன்னது. தமக்குத் தெரியாது, அவர் இந்துவாகவே வாழ்ந்தார் என்று மனைவி சொன்னார். ஷரியா நீதிமன்றம் அவர் முஸ்லிம் என்று அறிவித்தது. மனைவி சிவில் நீதிமன்றத்துக்குப் போனார். தனக்கு அதிகாரமில்லை என்று அது கைவிரித்தது. மனைவியால் ஷரியா நீதிமன்றத்தில் வழக்காட முடியாது. டிசம்பர் 28-ஆம் நாள் ஜனாஸா அடக்கப்பட்டது. அந்த வாரம் தோட்டத்து மக்கள் நம் கடைகளில் வந்து பேசிய பேச்சில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது.

ஈப்போ வழக்கு

நம் மாநிலத்தின் பெயரை நாடெங்கும் பேச வைத்தது இந்திரா காந்தி வழக்கு. அவர் ஈப்போவைச் சேர்ந்த பாலர் பள்ளி ஆசிரியை. 2009 மார்ச்சில் அவர் கணவர் இஸ்லாத்தில் சேர்ந்தார். அது அவர் உரிமை. பிறகு 11 மாதக் கைக்குழந்தையை எடுத்துக்கொண்டு போனார். ஏப்ரலில் மூன்று பிள்ளைகளுக்கும் மதமாற்றச் சான்றிதழ் பெற்றார். பிள்ளைகள் அங்கே இல்லை. கலிமாச் சொல்லவும் இல்லை. தாய்க்குத் தெரியவும் இல்லை.

அதே மாதம் 23-ஆம் நாள் அமைச்சரவை ஒரு முடிவை அறிவித்தது. ஒருவர் மட்டும் மதம் மாறினால், திருமணத்தின்போது பெற்றோர் இருந்த சமயத்திலேயே பிள்ளைகள் வளர வேண்டும் என்பது அந்த முடிவு. சட்டமாக அது வரவில்லை. ஷரியா நீதிமன்றம் பிள்ளைகளைத் தந்தையிடம் ஒப்படைத்தது. 2010 மார்ச்சில் ஈப்போ உயர் நீதிமன்றம் தாயிடம் ஒப்படைத்தது. இரண்டு நீதிமன்றங்கள், இரண்டு ஆணைகள். எதை நிறைவேற்றுவது என்று காவல்துறை தயங்கி நின்றது. 2013-ல் உயர் நீதிமன்றம் சான்றிதழ்களை ரத்துச் செய்தது. 2015 இறுதியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை மாற்றியது.

2018 ஜனவரி 29-ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் இறுதித் தீர்ப்புச் சொன்னது. ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக மதமாற்றம் செல்லாது என்றார்கள். ஐவரில் நால்வர் முஸ்லிம்கள். தீர்ப்பை எழுதியவர் தான்ஸ்ரீ ஸைனுன் அலி என்ற முஸ்லிம் பெண்மணி. இதை நம் பிள்ளைகள் கட்டாயம் அறிய வேண்டும், ஏனென்றால் இவ்வழக்கை முஸ்லிம்களுக்கும் மற்றவர்களுக்கும் நடந்த சண்டையாகவே பலர் இன்னும் சொல்லி வருகிறார்கள்.

தீர்ப்பின் காரணங்கள் மூன்று. முதலாவது, 2004-ஆம் ஆண்டின் பேராக் இஸ்லாமிய நிர்வாகச் சட்டமே, இஸ்லாத்தில் சேர்பவர் கலிமாவைத் தம் வாயால் சொல்ல வேண்டும் என்கிறது. அது நடக்கவில்லை; ஆகவே சான்றிதழ் கொடுக்கப் பதிவாளருக்கு அதிகாரமில்லை. இரண்டாவது, இருவரும் உயிரோடு இருக்கும்போது பிள்ளையின் சமயத்தை மாற்ற இருவரின் சம்மதமும் வேண்டும். மூன்றாவது, அரசு அதிகாரி சட்டப்படி நடந்தாரா என்று ஆராயும் அதிகாரம் சிவில் நீதிமன்றத்தின் அடிப்படை அதிகாரம்; 121(1அ) அதைப் பறிக்கவில்லை. முதல் காரணத்தைக் கவனியுங்கள். மார்க்கச் சட்டம் ஒழுங்காகப் பின்பற்றப்படவில்லை என்பதே அது. கலிமாவின் மதிப்பைக் காத்த தீர்ப்பு என்றும் இதைச் சொல்லலாம்.

தீர்ப்பு வந்தும் அந்தக் கைக்குழந்தை பல ஆண்டுகள் தாயிடம் வந்து சேரவில்லை. தந்தையைக் கைது செய்யும் ஆணையை நிறைவேற்றும்படி 2016-லேயே நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் காவல்துறைக்கு உத்தரவிட்டிருந்தது. மார்க்கம் எதுவானாலும், பால்குடி மறக்காத பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிப்பதை நம் வீட்டுப் பெண்கள் யாரும் நியாயம் என்று சொன்னதை நாங்கள் கேட்டதில்லை.

2017 ஆகஸ்டில் 1976-ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டது. மதம் மாறியவரும் இனி சிவில் நீதிமன்றத்தில் மணவிலக்குக் கோரலாம். முந்தைய திருமணம் முறிக்கப்படும் முன் அவர் இறந்தால், சொத்துக்கு முந்தைய குடும்பமும் வழக்கிடலாம். பிள்ளைகளின் மதமாற்றத்துக்கு இருவர் சம்மதமும் வேண்டும் என்ற விதி மசோதாவிலிருந்து கைவிடப்பட்டது. அதை ஐந்து மாதத்தில் கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பே நிரப்பியது. 2024-ல் பெர்லிஸ் தொடர்பான இன்னொரு தாயின் வழக்கிலும் அதே நிலைப்பாடு உறுதிப்பட்டது.

கல்லாவிலிருந்து பார்த்தால்

இழுபறி நீதிமன்றத்தோடு நிற்கவில்லை, கடைவாசலுக்கும் வந்தது. 2017-ல் ஜொகூர் மூவாரில் ஒரு சலவைக் கடை முஸ்லிம்களுக்கு மட்டும் என்று பலகை வைத்தது. ஜொகூர் சுல்தான் அதை வன்மையாகக் கண்டித்தார். பலகை இறங்கியது. அக்டோபரில் மலாய் ஆட்சியாளர்கள் கூட்டாக அறிக்கை விட்டு, இப்படிப்பட்ட செயல்கள் நாட்டின் ஒற்றுமையைக் கெடுக்கும் என்று கவலை தெரிவித்தார்கள். மார்க்கத்தின் தலைவர்களே சொன்னதால் அதற்கு எடை இருந்தது.

2019-ல் முஸ்லிம் வியாபாரிகளிடமே முதலில் வாங்குங்கள் என்ற பிரச்சாரம் வந்தது. நமக்கு அதில் ஆதாயம் என்று சிலர் சொன்னார்கள். கணக்குப் பார்த்தால் தெரியும். பால்வெட்டுக் காலத்தில் தோட்டத்துக்காரர்களுக்குப் பற்று நோட்டு எழுதி, சம்பள நாளில் வசூலித்துத்தான் நம் பெரியவர்கள் கடையை வளர்த்தார்கள். கித்தா விலை விழுந்தபோது கடனைத் தள்ளிப்போட்டவர்கள் நாம்; தோட்டம் துண்டாடப்பட்டுப் பட்டணம் போன பிறகும் தேடிவந்து பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் அவர்கள். அவர்கள் பிள்ளைகளும் அதே கணக்கைப் போட்டு "நம்மாள் கடையிலேயே வாங்குவோம்" என்று கிளம்பினால், சிறு பட்டணத்தில் முதலில் கதவடைப்பது நம் கடைகளாகத்தான் இருக்கும்.

இரு தரப்பின் அச்சம்

2024 பிப்ரவரி 9-ஆம் நாள் கிளந்தான் ஷரியா குற்றவியல் சட்டத்தின் 16 விதிகளைக் கூட்டரசு நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் செல்லாது என்றது. வழக்குத் தொடுத்தவர்கள் கிளந்தானைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் தாயும் மகளும். ஷரியாவுக்கே ஆபத்து என்று பலர் கலங்கினார்கள். அந்தக் குற்றங்களுக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கா, மாநிலத்துக்கா என்பதுதான் நீதிமன்றம் தீர்த்த கேள்வி. ஆனாலும் அந்தக் கலக்கத்தை நாம் கேலி செய்யக் கூடாது. ஒவ்வொரு தீர்ப்பிலும் ஒரு செங்கல் உருவப்படுகிறது, பேரப்பிள்ளைகள் காலத்தில் மார்க்கம் வெறும் பெயராகிவிடும் என்று அஞ்சும் பெரியவர்கள் நம் சங்கத்திலும் இருக்கிறார்கள். தோட்டத்து அக்காவின் அச்சம் இதன் மறுபக்கம். வீட்டுக்காரர் சொல்லாமல் மாறிவிட்டால் பிள்ளையும் போய், சொத்தும் போய், இறந்தவர் முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் போகுமோ என்பது அவர் பயம்.

இந்த வாதம் நம்மோடு மட்டும் உள்ளதன்று. இந்தியாவில் 1985-ல் ஷா பானு தீர்ப்பும், அடுத்த ஆண்டே அதை ஒட்டி வந்த சட்டமும் ஊரில் உள்ள நம் சொந்தங்களை இரண்டாக்கின. இலங்கையில் 1951-ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்த நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009-ல் அமைந்த குழு, 2018-ல்தான் அறிக்கை கொடுத்தது. உறுப்பினர்களே இரு அணியாகப் பிரிந்திருந்தார்கள். ஆலிம்கள், வழக்கறிஞர்கள், பெண்கள் எல்லாரும் உட்கார்ந்து பேசியும் அத்தனை ஆண்டுகள் பிடித்திருக்கிறது.

ஈப்போ தீர்ப்பைப் பற்றி நம் ஆலிம்களில் சிலர் ஒரு கேள்வி எழுப்புவார்கள். பெற்றோரில் ஒருவர் முஸ்லிமானால் சிறு பிள்ளை அவரைத் தொடரும் என்று ஃபிக்ஹு நூல்களில் உள்ளதே என்பார்கள். அப்படிப்பட்ட கருத்து இருப்பது உண்மை. நாங்கள் பணிவோடு வைக்கும் பதில் ஒன்றுதான். 1957-ல் இந்த நாட்டு மக்கள் தங்களுக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். ஹுதைபிய்யா உடன்படிக்கையின் வாசகங்கள் பல தோழர்களுக்குக் கசந்தன. கையெழுத்து உலருமுன் அபூ ஜந்தல் (ரலி) சங்கிலியோடு ஓடிவந்து நின்றார். அப்போதும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கொடுத்த வாக்கை மீறவில்லை. மார்க்கத்தில் வற்புறுத்தலை விலக்கும் திருமறையின் 2:256 வசனமும் நாம் அறிந்ததே. கொடுத்த வாக்கைக் காப்பதும் தீன்தான்.

இனி நாம் செய்யக்கூடியவை

நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும். குடும்பத்தைக் காப்பது பக்கத்தில் இருப்பவர்கள் கையில். இஸ்லாத்தில் சேர விரும்பித் தமிழர் ஒருவர் வந்தால், மொழி தெரிந்தவர்கள் என்று நம்மிடம்தான் முதலில் வருகிறார். ஆகவே பொன்விழா ஆண்டில் சங்கம் சில வழக்கங்களை நிலைநிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

வருபவரை வரவேற்போம். அதோடு மனைவி, பிள்ளைகள் உண்டா என்று கேட்போம். உண்டென்றால் வீட்டில் சொல்லிவிடச் சொல்வோம். தேவையானால் பெரியவர்கள் கூடப் போவோம். பழைய திருமணத்தைச் சிவில் நீதிமன்றத்தில் முறைப்படி தீர்க்க வழி காட்டுவோம். மற்றவர் சம்மதம் இல்லாமல் பிள்ளைகளின் பெயரை எந்தப் படிவத்திலும் எழுதித் தர மாட்டோம். சேமநிதியில் யாரை நியமித்திருக்கிறார் என்று பார்க்கச் சொல்வோம். ஃபராயிள் பங்கீட்டில் முஸ்லிம் அல்லாத பெற்றோருக்குப் பங்கில்லை. ஆனால் மூன்றில் ஒரு பங்குவரை வஸிய்யத் எழுதலாம், உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாகவும் கொடுக்கலாம். பெற்ற தாயைத் தவிக்க விடாமல் இருக்க மார்க்கமே வழி வைத்திருக்கிறது என்று எடுத்துச் சொல்வோம். மதம் மாறியதைக் குடும்பம் உயிரோடு இருக்கும்போதே அறிந்திருந்தால், மரண வீட்டில் உடலைச் சுற்றி நின்று வாதாடும் அவலம் நேராது.

நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அரசியலமைப்பின் 3, 11, 12, 121 ஆகிய பிரிவுகளை ஒருமுறையாவது படியுங்கள். கைப்பேசியில் வரும் செய்தியை அனுப்புமுன் தீர்ப்பு என்ன சொல்கிறது என்று பாருங்கள். சங்கத்தின் அறுபதாம் ஆண்டு மலரை நீங்கள் எழுதும்போது, ஈப்போ வழக்கைப் போன்ற இன்னொன்றைச் சேர்க்க வேண்டிய தேவை வராமல் இருக்க வேண்டும். அதற்கு வல்ல இறைவன் நமக்கு அறிவையும், அண்டை வீட்டாரோடு நல்லுறவையும் தந்தருள்வானாக. ஆமீன்.